பள்ளி நூலகத்தில் வாசிப்பு நின்றுவிட்டதா? அறிகுறி வாரியாகச் சரிபார்க்கும் முறை

"இந்தக் காலத்துப் பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள்" என்ற சலிப்பு, ஆசிரியர் ஓய்வறையில் நூலகத்தைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் முதலில் வந்து விழும். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் நூலகப் பொறுப்பைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறவன் என்ற முறையில், அந்த முடிவுக்கு வருவதற்கு முன் சரிபார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன என்றும், அவற்றில் பெரும்பாலானவை பிள்ளைகளிடம் அல்ல, பூட்டிலும் பதிவேட்டிலும் கால அட்டவணையிலும்தான் கிடக்கின்றன என்றும் சொல்வேன். கீழே ஒவ்வோர் அறிகுறிக்கும் செலவில்லாத காரணம் முதலிலும், பணமோ அலுவலக ஆணையோ தேவைப்படும் காரணம் கடைசியிலும் வருகிறது. இந்த வரிசையை மாற்ற வேண்டாம். புதிய நூல்களை வாங்கிப் போட்டால் சரியாகிவிடும் என்று கடைசிப் படியிலிருந்து தொடங்கிய பள்ளிகளில், அந்தப் புதிய நூல்களும் பழையவற்றோடு சேர்ந்து பீரோவுக்குள் போய்விட்டதைப் பார்த்திருக்கிறேன்.

## எல்லாவற்றுக்கும் முன்: வழங்கல் பதிவேட்டைத் திறக்கவும்

கடந்த மூன்று மாதப் பக்கங்களை மட்டும் பாருங்கள். அவை வெறுமையாக இருந்தால் அறிகுறி 1-க்குச் செல்லவும். பதிவுகள் இருந்து, அவை வருகைப்பதிவேட்டின் வரிசைப்படியே, ஒரே மையில், ஒரே கையெழுத்தில், எடுத்த நாளும் திருப்பிய நாளும் வகுப்பு முழுவதற்கும் ஒன்றாக இருந்தால், அவை பார்வைக்கு வரும் அலுவலருக்காக ஒரே மூச்சில் எழுதப்பட்டவை. அந்தப் பதிவேட்டையும் வெறுமையானதாகவே கொள்ள வேண்டும். பெயர்கள் வரிசையின்றி, சில அடிக்கடியும் சில ஒருமுறைகூட வராமலும் இருந்தால் பதிவேடு உண்மை பேசுகிறது. அடிக்கடி வரும் பெயர்களையும் வரவே வராத பெயர்களையும் தனித்தாளில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இரண்டும் தேவைப்படும்.

## அறிகுறி 1: நூல்கள் இருக்கின்றன, யாரும் எடுப்பதில்லை

### சாவி யாரிடம் இருக்கிறது?

நூலகப் பீரோவின் சாவி தலைமையாசிரியர் அறையிலுள்ள சாவிக்கொத்தில் தொங்குகிறது என்றால், ஒரு நூலை எடுப்பதற்கு ஒரு மாணவர் மூன்று பேரிடம் அனுமதி கேட்க வேண்டியிருக்கும். ஆறாம் வகுப்புப் பிள்ளை அதைச் செய்யாது. செய்யும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. ஆகஸ்ட் 12, நூலகர் நாளன்று, இந்திய நூலகவியலின் தந்தை எனப்படும் எஸ். ஆர். இரங்கநாதன் படத்துக்கு மாலையிடுவதற்காகத் திறக்கப்பட்டு மறுநாள் பூட்டப்படும் பீரோக்கள் இன்றும் இருக்கின்றன.

சரிபார்க்கும் முறை எளிது. எந்த முன்னறிவிப்பும் இன்றி, உணவு இடைவேளையில் ஒரு மாணவரை அழைத்து, "ஒரு கதைப் புத்தகம் எடுத்து வா" என்று அனுப்பிவிட்டுக் காத்திருங்கள். அவர் வெறுங்கையோடு திரும்பினால் காரணம் தெரிந்துவிட்டது. தீர்வு, பீரோவைத் திறந்து வைப்பது மட்டுமே. அதற்குப் பள்ளியில் ஒப்புதல் கிடைக்காவிட்டால், நாற்பது ஐம்பது நூல்களை மட்டும் ஒரு திறந்த தட்டிலோ மரப்பெட்டியிலோ எடுத்து வைத்து அங்கிருந்து தொடங்கலாம். மொத்தத்தையும் திறப்பதைவிட இது பல இடங்களில் நன்றாகவே வேலை செய்கிறது.

### நூலகப் பாடவேளை உண்மையில் நடக்கிறதா?

கால அட்டவணையில் "நூலகம்" என்று எழுதப்பட்டிருக்கும் பாடவேளையில் வகுப்பறையை எட்டிப் பாருங்கள். கரும்பலகையில் இயற்கணிதம் இருந்தால், அந்தப் பாடவேளை பாடத்தை முடிப்பதற்காகக் கடன் வாங்கப்பட்டிருக்கிறது. கடன் வாங்கிய ஆசிரியரோடு சண்டையிட்டுப் பயனில்லை. அவருக்கும் தேர்ச்சி விழுக்காட்டு நெருக்கடி இருக்கிறது. வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையிலும் தேர்வுக்கு முந்தைய வாரத்திலும் இந்தக் கடன் மிகுதியாக நடக்கும் என்பதால், நூலகப் பாடவேளையை வாரத்தின் நடுவில், உணவு இடைவேளைக்கு அடுத்ததாக மாற்றக் கேட்டுப் பாருங்கள். அந்த நேரத்தில் கணக்கு நடத்த யாரும் அவ்வளவாக விரும்புவதில்லை.

### வழங்குவதற்கே பாடவேளை தீர்ந்துவிடுகிறதா?

இது பலர் கவனிக்காத காரணம். நாற்பது மாணவர்கள், ஒரே பதிவேடு, ஒருவருக்கு ஒரு நிமிடம் என்று வைத்தாலும் நாற்பது நிமிடப் பாடவேளை பெயரெழுதுவதிலேயே முடிந்துவிடும். வாசிப்பதற்கு நேரமில்லாத நூலகப் பாடவேளையை எந்தப் பிள்ளையும் விரும்பாது. வகுப்புக்கு ஒரு தனி நோட்டு, மாணவருக்கு ஒரு பக்கம், எழுதும் வேலைக்கு அதே வகுப்பைச் சேர்ந்த இரண்டு மாணவ நூலகர்கள் என்று பிரித்துவிட்டால் பத்து நிமிடங்களில் வேலை முடியும். எமிஸ் எனப்படும் கல்வி மேலாண்மைத் தகவல் தளத்தில் ஏற்ற வேண்டிய விவரம் இருந்தால் அதைப் பிறகு அந்த நோட்டுகளைப் பார்த்து ஏற்றிக்கொள்ளலாம். பிள்ளைகளை நிற்க வைத்துக்கொண்டு ஏற்ற வேண்டாம்.

### எப்போது மேலே கொண்டுசெல்வது?

சாவியும் பாடவேளையும் பொறுப்பாசிரியரின் கையில் இல்லை. ஒரு மாதம் பேசியும் நகராவிட்டால் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தின் பொருள்நிரலில் சேர்க்கச் சொல்லுங்கள். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009 அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர்களாக இருக்க வேண்டும் என்கிறது. பிள்ளைக்கு நூல் தரப்படுவதில்லை என்று ஒரு பெற்றோர் எழுந்து கேட்கும் கேள்விக்கு, ஓர் ஆசிரியர் கேட்கும் கேள்விக்கு இல்லாத எடை இருக்கிறது.

## அறிகுறி 2: வருகிறார்கள், புரட்டுகிறார்கள், வைத்துவிட்டுப் போகிறார்கள்

### அட்டை தெரிகிறதா, முதுகு தெரிகிறதா?

சிறுவர் நூல்கள் பெரும்பாலும் பதினாறு அல்லது இருபத்து நான்கு பக்கம் கொண்டவை. நடுவில் கம்பித்தையல் போட்ட அவற்றுக்கு முதுகே இல்லை. அவற்றை அலமாரியில் நெருக்கி நிறுத்தினால் வெள்ளைக் காகித விளிம்புகள் மட்டுமே கண்ணுக்குத் தெரியும். சுவரின் இரு ஆணிகளுக்கிடையே நைலான் கயிறு கட்டி, துணி கிளிப்பால் முன்னட்டை தெரியும்படி முப்பது நூல்களைத் தொங்கவிடுங்கள். கயிறு பிள்ளைகளின் கண் மட்டத்தில் இருக்க வேண்டும், ஆசிரியரின் கண் மட்டத்தில் அல்ல. வாரம் ஒருமுறை மாற்றினால் போதும். மூன்று வாரம் தொங்கியும் யாரும் தொடாத நூலைக் கழற்றி வைத்துவிடலாம்.

### நூலில் பழைய எழுத்துகள் இருக்கின்றனவா?

அலமாரியிலிருந்து ஒரு பழைய நூலை எடுத்து, "யானை", "மலை", "கண்ணாடி" போன்ற சொற்களைத் தேடிப் பாருங்கள். 1978-இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன் அச்சான நூல்களில் ணை, லை, ளை, னை ஆகியவை தும்பிக்கை தூக்கிய வடிவிலும், ணா, றா, னா ஆகியவை கால் இல்லாமல் கீழே சுழித்த வடிவிலும் இருக்கும். நம் வயதினர் அவற்றைக் கவனிக்காமலே படித்துவிடுகிறோம். இன்றைய ஏழாம் வகுப்பு மாணவருக்கு அது முதல் வரியிலேயே வரும் முட்டுக்கட்டை. "புத்தகத்தில் எழுத்துப் பிழை இருக்கிறது, சார்" என்று ஒரு மாணவர் முறையிட்டால் அவர் பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறார். இத்தகைய நூல்களைக் கழிக்க வேண்டியதில்லை. தனித்தட்டுக்கு மாற்றி, அந்தப் பதின்மூன்று எழுத்துகளின் பழைய, புதிய வடிவங்களை ஓர் அட்டையில் எழுதி அருகே ஒட்டிவிட்டால், ஆர்வமுள்ள சிலருக்கு அதுவே ஒரு புதிர் விளையாட்டாகிவிடும். ஆனால் முன்வரிசையில் அவை இருக்கக் கூடாது.

### நூலின் கடினம் மாணவரின் நிலைக்குப் பொருந்துகிறதா?

வகுப்பைப் பார்த்து நூல் கொடுப்பதுதான் மிகப் பரவலான பிழை. எட்டாம் வகுப்பில் இருப்பவர் எட்டாம் வகுப்புத் தமிழைத் தடையின்றிப் படிப்பார் என்பதற்கு உறுதி இல்லை. சரிபார்க்க, மாணவரைத் தனியே அழைத்து (வகுப்பின் முன்னால் ஒருபோதும் வேண்டாம்) அவர் தேர்ந்தெடுத்த நூலிலேயே அரைப் பக்கத்தை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். விரலை எழுத்தெழுத்தாக நகர்த்துகிறாரா, நீண்ட சொற்களின் முதல் பாதியைப் படித்து மீதியை ஊகித்து முடிக்கிறாரா, படித்தபின் அங்கே என்ன நடந்தது என்று தம் சொற்களில் சொல்ல முடிகிறதா என்ற மூன்றை மட்டும் கவனிக்கவும்.

ஆங்கில நூல்களுக்குச் சொல்லப்படும் "பக்கத்துக்கு ஐந்து தெரியாத சொல்" போன்ற அளவுகோல்களைத் தமிழுக்கு அப்படியே பொருத்த வேண்டாம். தமிழில் பிள்ளை தடுமாறுவது பெரும்பாலும் தெரியாத சொல்லில் அல்ல. தெரிந்த சொற்கள் புணர்ந்து நீண்டு நிற்கும் இடத்தில். "சென்றுகொண்டிருந்தவர்களையெல்லாம்" என்ற சொல்லில் தெரியாதது எதுவும் இல்லை, ஆனால் வரியின் பாதியை அது பிடித்துக்கொள்கிறது. பேச்சுவழக்கில் எழுதப்பட்ட உரையாடல் இதற்கு மாற்றாகும் என்று நம்பி அத்தகைய நூல்களைக் கொடுத்தால், வேறொரு சிக்கல் எழும். தம் வட்டாரத்துப் பேச்சு அல்லாத ஒன்றை எழுத்தில் பார்க்கும் பிள்ளைக்கு அதுவும் புதுமொழிதான். சொற்பிரிப்போடு அச்சிட்ட, சிறிய வாக்கியங்கள் கொண்ட நூல்களே முதல் படிக்கு ஏற்றவை.

பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்க நூல்கள் இங்கே கைகொடுக்கும். நுழை, நட, ஓடு, பற என்ற நான்கு நிலைகளில் அவை வகுப்பின் பெயரைச் சொல்லாமலே பிரிக்கப்பட்டுள்ளன. ஒன்பதாம் வகுப்பு மாணவர் "இரண்டாம் வகுப்புப் புத்தகம்" என்று குறிக்கப்பட்ட நூலைக் கையில் எடுக்க மாட்டார். "நுழை" என்பதை எடுப்பார். உங்களிடம் உள்ள பிற நூல்களையும் இதே நான்கு பிரிவுகளாக வண்ண ஸ்டிக்கர் ஒட்டிப் பிரிக்க ஒரு சனிக்கிழமை போதும்.

### நூல்களே போதவில்லை என்றால்

மேலே உள்ள மூன்றையும் முடித்த பிறகே இந்தப் படி. முதலில் இலவசமாகக் கிடைப்பவை: பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் படிநிலை வாரியாக உள்ளன, அவற்றை அச்சிட்டுக்கொள்ள உரிமம் இடம் தருகிறது. உயர்தொழில்நுட்ப ஆய்வகம் உள்ள பள்ளியில் திரையில் காட்டிச் சேர்ந்து வாசிக்கலாம். அடுத்தது ஊரிலுள்ள கிளை நூலகமோ ஊர்ப்புற நூலகமோ. 1948-ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டத்தின்கீழ் வீட்டுவரியோடு நூலக வரியும் வசூலிக்கப்படுகிறது என்பதால், அந்த நூலகத்துக்கு உங்கள் மாணவர்களின் பெற்றோர் ஏற்கெனவே பணம் செலுத்திக்கொண்டுதான் இருக்கிறார்கள். சிறு காப்புத்தொகை கட்டி மாணவர்களை உறுப்பினராக்கலாம். மொத்தமாகச் சேர்ப்பதற்கு மாவட்ட நூலக அலுவலரை அணுக வேண்டும்.

வாங்குவதுதான் வழி என்றால், ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் பள்ளியின் நிலைக்கேற்ப ஆண்டுக்கு ரூ. 5,000 முதல் ரூ. 20,000 வரை நூலக மானியம் உண்டு. அதில் உங்கள் கையில் தேர்வு எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவையும், மாணவர்கள் இருவரையாவது மாவட்டப் புத்தகக் கண்காட்சிக்கு அழைத்துச் சென்று அவர்கள் காட்டும் நூல்களில் செலவிடுங்கள். ஆசிரியர்கள் தேர்ந்தெடுக்கும் பட்டியலில் தலைவர்களின் வாழ்க்கை வரலாறும் பொது அறிவும் பாதிக்கு மேல் வந்துவிடுகின்றன. எந்தத் தலைவருக்கும் அவமரியாதை இல்லாமல் சொல்கிறேன், அந்தத் தட்டில்தான் தூசி அதிகம்.

## அறிகுறி 3: வீட்டுக்கு எடுத்துச் செல்கிறார்கள், படிக்காமலே திருப்புகிறார்கள்

### திருப்பும்போது என்ன கேட்கப்படுகிறது?

நூலைத் திருப்பும்போது கதைச் சுருக்கம் எழுதித் தர வேண்டும் என்ற விதி உங்கள் பள்ளியில் இருந்தால், முதலில் அதை ஒரு பருவத்துக்கு நிறுத்திப் பாருங்கள். மாணவர்கள் மிகச் சிறிய நூலையே தேடி எடுக்கிறார்கள் என்பதும், பின்னட்டைக் குறிப்பு அப்படியே சுருக்கமாக எழுதப்படுகிறது என்பதும் இந்தக் காரணத்தின் அடையாளங்கள். பத்து நோட்டுகளை அடுக்கி ஒப்பிட்டால், ஒருவர் எழுதியதை ஒன்பது பேர் பார்த்து எழுதியது தெரியும். அதற்குப் பதிலாக, "யாருக்கு இதைக் கொடுக்கலாம்?" என்று மட்டும் கேட்கலாம். படித்தவர் யோசித்து ஒரு நண்பரின் பெயரைச் சொல்வார்; படிக்காதவர் விழிப்பார். உங்களுக்கு வேண்டிய தகவல் அவ்வளவுதான்.

### வீட்டில் வாசிக்க இடமும் நேரமும் உண்டா?

ஒற்றை அறை வீடு, ஓடிக்கொண்டே இருக்கும் தொலைக்காட்சி, பார்த்துக்கொள்ள ஒரு தம்பி, தண்ணீர் பிடிக்கும் வேலை என்றிருக்கும் பிள்ளைக்கு நூலைக் கொடுத்தனுப்பியும் பயனில்லை. குறிப்பாகப் பெண் பிள்ளைகளின் வழங்கல் பதிவு ஏழாம் வகுப்புக்குப் பிறகு சட்டென்று குறைந்தால் இதைச் சந்தேகிக்கவும். இதற்குத் தீர்வு பள்ளிக்குள்தான்: உணவு இடைவேளையின் கடைசிப் பதினைந்து நிமிடங்கள், அல்லது மாலைப் பேருந்துக்குக் காத்திருக்கும் நேரம். பேருந்துக்காகக் காத்திருக்கும் மாணவர்கள் பல பள்ளிகளில் நாள்தோறும் முக்கால் மணி நேரம் மரத்தடியில் சும்மா இருக்கிறார்கள். அந்த மரத்தடிக்கு ஒரு பெட்டி நூல்களை அனுப்பினால் வேறு ஏற்பாடே தேவைப்படாது.

### மே மாதத்தில் நூல்கள் எங்கே இருக்கின்றன?

பிள்ளைகளுக்கு நேரம் மிகுதியாகக் கிடைக்கும் ஒரே மாதத்தில் எல்லா நூல்களையும் திரும்பப் பெற்றுப் பூட்டிவைப்பது, இருப்புச் சரிபார்ப்பை ஏப்ரலில் வைத்துக்கொள்ளும் பழக்கத்தால் வந்த வினை. சரிபார்ப்பை மார்ச் மாதத்துக்கு முன்தள்ளி, ஏப்ரல் கடைசி வேலைநாளில் ஆளுக்கு மூன்று நூல்கள் வழங்கி ஜூனில் திரும்பப் பெறலாம். பள்ளியை விட்டு வெளியேறும் வகுப்பினரை மட்டும் விலக்கிக்கொள்ளவும். மாற்றுச் சான்றிதழ் வாங்க வரும் நாளில் நூலைத் தேடச் சொல்வது யாருக்கும் இனிமையான வேலை அல்ல.

## அறிகுறி 4: பரிசு இருக்கும்வரை படிக்கிறார்கள்

அதிக நூல்கள் படித்தவருக்குக் கோப்பை என்று அறிவித்தால் முதல் மாதம் பதிவேடு நிரம்பி வழியும். பரிசளிப்பு விழாவுக்கு அடுத்த வாரம் அது காலியாகும். இதில் முதலில் பார்க்க வேண்டியது, பரிசு எதற்குத் தரப்பட்டது என்பதே. எண்ணிக்கைக்குத் தரப்பட்டால் மெல்லிய நூல்கள் மட்டுமே நகரும், தடித்த நாவலை மெதுவாகப் படித்துக்கொண்டிருந்த மாணவர் தோற்றுப்போவார். அவர்தான் உங்கள் உண்மையான வாசகர். எண்ணிக்கையை விட்டுவிட்டு, காலை வழிபாட்டுக் கூட்டத்தில் வாரம் ஒருவர் இரண்டு நிமிடம் தமக்குப் பிடித்த நூலின் ஒரு பகுதியை வாசித்து, சுவையான இடத்தில் நிறுத்திவிட வேண்டும் என்று வைத்துப் பாருங்கள். அன்று அந்த நூலைக் கேட்டு நான்கு பேராவது வருவார்கள். நூலின் ஒரே பிரதிதான் இருக்கிறது என்பதால் காத்திருப்போர் பட்டியல் ஒன்றும் எழும். காத்திருப்போர் பட்டியலைச் சுவரில் ஒட்டுவது எந்தக் கோப்பையைவிடவும் நெடுநாள் வேலை செய்கிறது.

இன்னொன்றையும் பாருங்கள்: ஆசிரியர்களில் எத்தனை பேர் நூல் எடுக்கிறார்கள்? பதிவேட்டில் ஓர் ஆசிரியர் பெயர்கூட இல்லையென்றால் அதை மாணவ நூலகர்கள் நம்மைவிட முன்பே கவனித்திருப்பார்கள்.

## அறிகுறி 5: ஒரே வகை நூலையே திரும்பத் திரும்ப எடுக்கிறார்கள்

இது பழுது அல்ல. பேய்க்கதையையோ படக்கதையையோ கிரிக்கெட் நூலையோ ஆறாவது முறையாக எடுக்கும் மாணவரை விட்டுவிடுங்கள். அவரிடம் அடுத்து என்ன கொடுக்கலாம் என்று நீங்கள் தேடிவைக்கலாம். எடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லக் கூடாது. "இதையே எத்தனை முறை படிப்பாய்?" என்ற ஒரு கேள்வி அந்தப் பெயரைப் பதிவேட்டிலிருந்து நிரந்தரமாக அழித்துவிடும்.

## அறிகுறி 6: தொடக்க வகுப்புகளில் படித்தவர்கள் உயர்நிலையில் நின்றுவிடுகிறார்கள்

செல்பேசியைத்தான் எல்லோரும் கைகாட்டுவார்கள். அது ஒரு காரணமே. ஆனால் உங்களால் பழுது பார்க்க முடியாத காரணம் என்பதால் அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். முதலில் அலமாரியைப் பாருங்கள். பதின்மூன்று வயதுக்கு மேற்பட்டவருக்கான நூல்கள் தமிழில் குறைவாகவே வெளிவருகின்றன. சிறுவர் கதைக்கும் பெரியவர் நாவலுக்கும் இடையில் ஒரு பெரிய பள்ளம் கிடக்கிறது. பிள்ளை வந்து நிற்பது அந்தப் பள்ளத்தின் கரையில். பயணம், துப்பறிதல், அறிவியல் கதை, விளையாட்டு வீரர்களின் தன்வரலாறு, நல்ல சிறுகதைத் தொகுப்புகள் ஆகியவற்றை ஒன்றாகச் சேர்த்து ஒரு தனித்தட்டு அமைத்து, ஆறாம் வகுப்பினர் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். உயரம் இங்கே வேண்டுமென்றே செய்யப்படுவது. சிறுவர்களுக்கு உரியதல்ல என்று தோன்றும் தட்டுக்குப் பெரிய வகுப்பினர் தாமாக வருவார்கள்.

அடுத்து, இதழ்கள். பள்ளிக் கல்வித் துறை 2022-இல் தொடங்கிய ஊஞ்சல், தேன்சிட்டு என்ற சிறுவர் இதழ்கள் கட்டுப் பிரிக்கப்படாமல் எங்காவது மேசையடியில் கிடக்கின்றனவா என்று பாருங்கள். முழு நூலுக்குப் பொறுமை இல்லாதவர் ஒரு பக்கக் கட்டுரையைப் படிப்பார். நாளிதழின் விளையாட்டுப் பக்கமும் வாசிப்புதான் என்பதை ஏற்காத நூலகத்தில் பத்தாம் வகுப்பு மாணவர் யாரும் தங்க மாட்டார்.

பத்தாம் வகுப்பிலும் அதற்கு மேலும் சிறப்பு வகுப்புகள் காலையும் மாலையும் நடக்கும்போது வாசிப்பு குறைவது இயல்பு. அங்கே எதையும் கட்டாயமாக்க வேண்டாம். வகுப்பறையின் மூலையில் பத்து நூல்களைப் பதிவேடு இல்லாமல் வைத்துவிட்டு அமைதியாக இருந்துவிடலாம்.

## அறிகுறி 7: நூல்கள் காணாமல்போகின்றன, கிழிகின்றன

### இழப்பைப் பற்றிய அச்சம்

அறிகுறி 1-இல் பீரோ பூட்டப்பட்டிருந்ததற்கு ஆழத்திலிருக்கும் காரணம் இதுதான். காணாமல்போன நூலின் விலையைத் தம் ஊதியத்திலிருந்து கட்ட நேரும் என்று பொறுப்பாசிரியர் அஞ்சுகிறார். பணிமாறுதல் வரும்போது ஒப்படைப்புப் பட்டியலில் கையொப்பம் கிடைக்காது என்றும் அஞ்சுகிறார். மத்திய அரசின் பொது நிதி விதிகள், 2017, இந்த இழப்பை வெளிப்படையாகவே ஏற்கின்றன: ஓராண்டில் வழங்கப்பட்ட அல்லது பார்வையிடப்பட்ட ஆயிரம் நூல்களுக்கு ஐந்து வீதம் இழப்பு, நேர்மையின்மையாலோ கவனக்குறைவாலோ நேராதவரை, இயல்பானது என்று 215-ஆம் விதி கூறுகிறது. ரூ. 1,000-க்கு மேல் விலையுள்ள நூலும் அரிய நூலும் தொலைந்தால்தான் கட்டாய விசாரணை. மாநில அரசுப் பள்ளிகளுக்கு இந்த விதி நேரடியாகப் பொருந்தாது என்றாலும், தலைமையாசிரியரிடமும் தணிக்கைக்கு வருபவரிடமும் பேசும்போது எடுத்துக்காட்ட உதவும். எதுவுமே தொலையாத நூலகம் எதையுமே வழங்காத நூலகமாகத்தான் இருக்கும்.

### திரும்பாத நூலை வரவழைத்தல்

அபராதம் வேண்டாம். ஐந்து ரூபாய் அபராதத்துக்கு அஞ்சி நூலையும் திருப்பாமல் நூலகத்துக்கும் வராமல் போனவர்கள்தான் தொடக்கத்தில் நீங்கள் குறித்த தாளில் வரவே வராத பெயர்களாக நிற்பவர்கள். பருவத்துக்கு ஒருமுறை, வாயிற்கதவருகே ஒரு பெட்டியை வைத்து, பெயர் எழுதாமல் போட்டுவிடலாம் என்று அறிவித்தால், முந்தைய ஆண்டு நூல்கள்கூட அதில் வந்து விழும்.

### கிழிசல்

செல்லோடேப் ஒட்ட வேண்டாம்; ஓரிரு ஆண்டுகளில் அது மஞ்சளித்து உரிந்து, பசை பரவி எழுத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகும். கழன்ற நடுத்தாளுக்குத் தையல்நூலும் ஊசியும் போதும். அட்டை பிரிந்த தடித்த நூல்களைச் சேர்த்து வைத்து, ஆண்டுக்கு ஒருமுறை பைண்டிங் கடையில் காலிகோ துணி வைத்துக் கட்டச் சொல்லவும். பூச்சி அரிக்காமலிருக்க அவர்கள் பசையில் மயில்துத்தம் கலப்பதுண்டு. அது நஞ்சு என்பதால் அந்த வேலையைப் பள்ளியில் மாணவர்களை வைத்துச் செய்யக் கூடாது. ராமபாணப் பூச்சிக்கு நூல்களை வெளியே எடுத்துத் தூசி தட்டி, காற்றாட வைத்து, அலமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி வைத்தாலே பெரும்பாலும் அடங்கிவிடும். சுவரில் மண்கோடு ஏறியிருந்தால் அது கரையான். நூல்களை அன்றே வேறு அறைக்கு மாற்றிவிட்டு, கரையான் மருந்தடிப்பவரை அழைக்கவும். மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்ப்பது நேரத்தை வீணாக்கும்.

## அறிகுறி 8: எல்லாம் சரியாக இருந்தும் ஒருவர் மட்டும் வாசிக்க மறுக்கிறார்

இங்கே முதலில் எடுத்த பட்டியலில் ஒருமுறைகூட வராத பெயர்களுக்குத் திரும்பவும். அவர்களில் பலர் மேலே சொன்ன மாற்றங்களாலேயே வந்துவிடுவார்கள். வராமல் எஞ்சும் ஒருவர் இருவரை "சோம்பல்" என்று எழுதிவிட வேண்டாம்.

முதலில் கண். நூலை முகத்துக்கு மிக அருகில் பிடிக்கிறாரா, கரும்பலகையைப் பார்க்கும்போது கண்ணைச் சுருக்குகிறாரா, பத்து நிமிடத்தில் தலைவலி என்கிறாரா என்று பார்க்கவும். பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் பெயரைச் சொல்லிப் பரிசோதிக்கச் செய்யுங்கள். மாணவர்களுக்கு இலவசக் கண்கண்ணாடி வழங்கும் திட்டம் இருக்கிறது. கண்ணாடி வாங்கிக் கொடுத்தும் அதைப் பையிலேயே வைத்திருக்கும் பிள்ளைகளும் உண்டு. கேலிக்கு அஞ்சி அணியாமல் இருக்கிறார்களா என்று விசாரிக்கவும்.

கண்ணில் குறையில்லை என்றால், எழுத்தறிவு. எழுத்துகளே முழுமையாகத் தெரியாமல் மேல்வகுப்புக்கு வந்தவர் நூலைக் கண்டு ஒதுங்குவது தம்மைக் காத்துக்கொள்ளத்தான். தனியே, நாளுக்குப் பதினைந்து நிமிடம், உயிர்மெய் வரிசையிலிருந்து தொடங்கினால் ஒரு பருவத்துக்குள் முன்னேற்றம் தெரிய வேண்டும்.

அதுவும் தெரியாதபோதுதான் வல்லுநரை அழைக்கும் கட்டம். வாய்மொழியாகக் கதை சொல்வதில் கெட்டிக்காரராக இருந்தும் எழுத்தில் தடுமாறுவது, ஒரே சொல்லை ஒரே பக்கத்தில் மூன்று விதமாக எழுதுவது, கெ, கொ, கோ ஆகியவற்றில் கொம்பும் காலும் இடம் மாறுவது, நேற்றுப் படித்த சொல் இன்று புதிதாகத் தெரிவது ஆகியவை சேர்ந்து பல மாதங்கள் நீடித்தால் கற்றல் குறைபாட்டுக்கான மதிப்பீடு தேவை. ல, ள, ழ குழப்பத்தையும் ர, ற குழப்பத்தையும் மட்டும் வைத்து இந்த முடிவுக்கு வரக் கூடாது. அவை பெரும்பாலும் பேச்சு உச்சரிப்பிலிருந்து வருபவை, தேர்ந்த எழுத்தாளர்களின் கையெழுத்துப் படிகளிலும் இருப்பவை. உங்கள் பகுதி வட்டார வள மையத்திலுள்ள சிறப்புப் பயிற்றுநரிடம் எழுத்து மாதிரிகளோடு பேசுங்கள். அவர் வழியே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் பரிந்துரை பெறலாம். சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் இதற்கெனவே இயங்குகிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 இந்தக் குறைபாட்டைத் தன் பட்டியலில் சேர்த்திருப்பதால், சான்று கிடைத்தால் பொதுத்தேர்விலும் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளைக் கோர முடியும். பெற்றோரிடம் பேசும்போது அதைத் தொடக்கமாக வைத்துக்கொள்வது எளிது.

மதிப்பீட்டு அறிக்கை வர மாதங்கள் ஆகலாம். அதுவரை அந்த மாணவரை நூலகத்திலிருந்து விலக்காமல் மாணவ நூலகராக நியமியுங்கள். நன்றாக வாசிக்கும் நண்பர் ஒருவர் அவருக்குப் பக்கத்தில் அமர்ந்து வாய்விட்டுப் படிக்கட்டும், நூலை அவர் கையில் வைத்துக்கொண்டு கேட்கட்டும். அவர் பெயரில் வழங்கப்படும் நூல்களையும் மற்றவர்களுடையதைப் போலவே பதிவேட்டில் எழுதி வாருங்கள். மதிப்பீடு செய்பவருக்கு அந்தப் பக்கம் உதவலாம்.